கிணற்று வாயில் ஒரு குழை

கிட்ட வந்து இருங்கள், என் குஞ்சுகளே. பாயின் ஓரத்தில் ஏன் குந்திக்கொண்டிருக்கிறீர்கள்? நடுவில் இடம் கிடக்கிறதே. இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். ஒரு மனிதன் தன் காணிக்குள் வெட்டிய ஒரு குழியும், அதன் வாயில் நல்ல மனத்தோடு குத்திவைத்த ஒரு குழையும்தான் கதை. கேட்டு முடிய நெஞ்சு கனக்கும். தனியே சுமக்க ஏலாத கதை என்பதால்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டு. முள்ளியவளைக்கு மேற்கே காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருவன் பரமலிங்கம். பிறந்தது யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில். அங்கே இருந்த புகையிலைத் தோட்டத்தை நாலு சகோதரர்கள் பிரித்தால் ஆளுக்கு ஒரு பாத்திதான் மிஞ்சும். அரசாங்கம் வன்னியில் காணி கொடுக்கிறது என்றதும் மனைவி இராசமலரையும் இரண்டு பெண் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். நல்ல உழைப்பாளி. விடியமுன் காணிக்குள் இறங்கினால் வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் முதுகை நிமிர்த்துவான்.

அவனுடைய காணியின் வடக்கு ஓரத்தால் ஒரு பழைய பாதை போனது. காட்டுக்கு அப்பால் குளத்தடியில் இருந்த சின்னக் கிராமத்துச் சனங்கள் முள்ளியவளைக்கு வந்துபோகிற குறுக்குப் பாதை அது. காணி அளந்தவர்களின் வரைபடத்தில் அப்படியொரு பாதையே இல்லை. பரமலிங்கம் நினைத்திருந்தால் வேலி போட்டு மறித்திருக்கலாம். "நடக்கிற சனம் நடக்கட்டும். நடந்தால் காணி தேயப்போகுதே?" என்று விட்டுவிட்டான்.

சித்திரையில் கிணறு வெட்டத் தொடங்கினான். பாதையிலிருந்து பத்தடி தள்ளி, ஒரு பெரிய பாலை மரத்துக்குப் பக்கத்தில். பதினெட்டு அடி போனதும் கருங்கல் மறித்தது. வெட்ட வந்தவர்கள் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு ஏறிவந்தார்கள். "இது வெடி வைச்சு உடைக்கிற கல்லு அண்ணை. அனுமதி கேட்டுக் கச்சேரிக்கு எழுதிப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதிப் போட்டான். பதில் வரவில்லை.

குழி அப்படியே கிடந்தது. ஓரத்து மண் சரியாமல் இருக்கட்டும் என்று வாயின் மேல் மெல்லிய தடிகளை அடுக்கி, காய்ந்த பனங்காவோலை பரப்பி மூடினான். வெட்டிய மண், குழிக்கு முள்ளியவளைப் பக்கமாக, பாலை மரத்தடியில் ஒரு கும்பியாகக் குவிந்திருந்தது. காட்டு மரங்கள் இலை கொட்டுகிற காலம். ஒரு மாதத்துக்குள் காவோலையின் மேல் சருகு மூடி, குழி எது நிலம் எது என்று தெரியாமல் போயிற்று.

இராசமலருக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்காது.

"இஞ்சருங்கோ, உந்தக் குழியைச் சுத்தி நாலு கதியாலை நட்டு விடுங்கோவன். பிள்ளையள் ஓடித் திரியுதுகள்."

"கதியால் வெட்டித்தானே வைச்சிருக்கிறன்."

"வெட்டினதை நட்டால்தான் வேலி. அடுக்கி வைச்சால் விறகு."

"உன்ர வாய்க்கு முதல் ஒரு வேலி அடைக்கவேணும்," என்று பரமலிங்கம் சிரித்தான்.

அவன் சோம்பியவன் அல்லன். அந்தக் கிழமைதான் காட்டுப் பன்றிகள் மிளகாய்த் தோட்டத்துக்குள் இறங்கி இரண்டு பாத்தியை உழுதுவிட்டுப் போயின. வெட்டி வைத்த கதியால் தடி முழுவதும் மிளகாயைச் சுற்றி வேலியாயிற்று. குழிக்கு அவன் வேறொன்று செய்தான். பாலையில் ஒரு கொப்பை இலையோடு முறித்து, மண் கும்பியின் உச்சியில் குத்தினான். இலையோடு முறித்த கொப்பைத்தான் குழை என்பார்கள். கரவெட்டியில் ஒழுங்கையில் குழி வெட்டினாலும், கிணறு இறைத்துச் சேறு அள்ளினாலும், பக்கத்தில் ஒரு குழையைக் குத்திவிடுவார்கள். குழை நின்றால் கிட்டப் போகக்கூடாது. அந்த ஊரில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"கதியால் பிறகு வெட்டலாம். இப்ப குழை நிக்குதுதானே. கண்ணுள்ளவன் விலத்திப் போவான்," என்றான் மனைவியிடம்.

ஒரு கிழமை கழித்துப் பார்த்தால், அவன் குத்திய குழைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குழை கிடந்தது. அடுத்த கிழமை ஐந்து. பாதையால் போனவர்கள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பரமலிங்கத்துக்கு மனம் குளிர்ந்தது. அன்று மத்தியானம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு பெருமையாகச் சொன்னான்.

"பார் மலர், வன்னிச் சனம் எவ்வளவு நல்ல சனம். நான் ஒண்டு குத்தினன். காயுது எண்டு பாத்துப் பச்சைக் குழை கொண்டுவந்து போடுதுகள். மற்றவன் விழக்கூடாது எண்ட நினைப்பு. எங்கட ஊரிலை உது நடக்குமே?"

"நடக்காது. எங்கட ஊரிலை உந்தக் குழையை ஆட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பினம்," என்றாள் இராசமலர். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிள்ளைகளும் ஏனென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தன.

வைகாசி கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பரமலிங்கம் மிளகாய்க் கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டு நின்றான். பாலையடியில் சடசடவென்று தடி முறிகிற சத்தம் கேட்டது. மாடு விழுந்துவிட்டது என்று நினைத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். மூடியிருந்த காவோலையின் நடுவில் ஆள் அளவுக்கு ஒரு ஓட்டை. எட்டிப் பார்த்தான். அடியில், கருங்கல்லின் மேல், நீலச் சேலை தெரிந்தது.

"மலர்! கயிறு கொண்டு ஓடி வா!"

பாலை மரத்தில் கயிற்றைக் கட்டி இறங்கினான். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பின்தலை கல்லில் அடிபட்டிருந்தது. "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தான். மூச்சில்லை. மேலே தூக்குவதற்காகக் கயிற்றை அக்குளுக்குக் கீழே கொடுத்துக் கட்டவேண்டியிருந்தது. வலது கை எதையோ பொத்திப் பிடித்திருந்தது. விரலை ஒவ்வொன்றாக விரித்தான். ஒரு குழை. விழுகிற நேரத்தில் கைக்கு அகப்பட்டதைப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து, அதை அப்பால் போட்டுவிட்டு முடிச்சைப் போட்டான்.

அவள் பெயர் அன்னபாக்கியம். முள்ளியவளையில் வயல் செய்கிற அப்புத்துரையின் மனைவி. ஒரே ஒரு மகள், விமலேஸ்வரி. அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல இடத்தில் கலியாணம் பேசி, முற்றாகப் போகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் அப்புத்துரை மனைவியைப் பார்த்து, "உன்ர வாயாலைதான் எல்லாம் குழம்பினது, எங்கையாவது போய்த் துலை" என்று கத்திவிட்டார். அவள் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லாமல், பெரிய ரோட்டால் போன வண்டியொன்றில் ஏறி, குளத்தடிக் கிராமத்தில் இருந்த தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து நாள் இருந்தாள். ஆறாம் நாள் காலை, வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, குறுக்குப் பாதையால் தனியே நடந்து வந்திருக்கிறாள்.

ஊர்த் தலைமை பார்க்கிற விதானையார் வந்து பார்த்தார். கொறனர் ஐயா, அதுதான் மரண விசாரணை செய்கிற உத்தியோகத்தர், அடுத்த நாள்தான் வருவார், அதுவரை சவத்தைக் காணியைவிட்டு வெளியே எடுக்கக்கூடாது என்றார். பரமலிங்கம் தன் வண்டி விடுகிற கொட்டிலைக் கூட்டித் துடைத்துக் கொடுத்தான். இராசமலர் தன்னிடமிருந்த நல்ல வெள்ளைச் சேலையை எடுத்துப் போர்த்தினாள். அப்புத்துரையும் ஆட்களும் மத்தியானம் வந்து சேர்ந்தார்கள்.

அப்புத்துரை அழவில்லை. சவத்தின் காலடியில் போய் இருந்தார். இருந்தவர் இருந்தவர்தான். அவருடைய தமையன் சின்னராசாதான் கதைத்தார். குழியைப் போய்ப் பார்த்தார். குழைகளைப் பார்த்தார். அபாயத்துக்குக் குத்தியவை என்று பரமலிங்கம் சொன்னதைக் கேட்டுவிட்டு, விதானையாரைப் பார்த்துச் சொன்னார்.

"பாதையிலையிருந்து பத்தடி தள்ளிக் கிடக்கு. காணிக்காரர் அபாயம் எண்டு குழையும் குத்தி வைச்சிருக்கிறார். நடந்து போறவள் பாதையை விட்டு இஞ்சை ஏன் வந்தவள்?"

விதானையார் குழிவாயை எட்டிப் பார்த்தார். சின்னராசாவே மேலும் சொன்னார்.

"வீட்டிலை சண்டை. தமக்கை வீட்டிலையிருந்து வெளிக்கிடேக்கையும் முகம் குடுத்துக் கதைக்கேல்லையாம். இதுக்குமேலை நான் என்னத்தைச் சொல்லுறது?"

சொல்லாமல் விட்டதை எல்லாரும் விளங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அது கொட்டிலைச் சுற்றி வாய்க்கு வாய் போயிற்று. தானாகப் போய் விழுந்தவள்.

அப்படிச் செத்தவர்களை அந்த வீட்டார் முற்றத்துக்குக் கொண்டுபோவதில்லை. எண்ணெய் அரப்பு வைத்து முழுக்காட்டுவதில்லை. கிரியை இல்லை, பறை இல்லை. செத்த இடத்திலிருந்தே சுடலைக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் எரித்துவிட்டு வருவார்கள். சின்னராசா அதையும் சொன்னார்.

"விசாரணை முடிய இஞ்சையிருந்தே சுடலைக்கு எடுப்பம். வீட்டிலை ஒரு குமர் இருக்கு. முத்தத்திலை இதைக் கொண்டுபோய் வைச்சால் அதுக்கு ஒரு காலமும் ஒரு இடமும் வராது. என்ன தம்பி சொல்லுறாய்?"

அப்புத்துரை தலையை நிமிர்த்தாமல், "நான்தான் துலை எண்டு சொன்னனான்," என்றார். அவ்வளவுதான். அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வசனம்தான்.

பரமலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மிளகாய்த் தோட்டத்து வேலியைப் பிடித்தபடி நின்றான். காலையிலிருந்து நெஞ்சுக்குள் கல்லுப் போல ஒன்று கிடந்தது. பொலிஸ் என்ன கேட்கும், காணி அனுமதிப்பத்திரத்தைப் பறிப்பார்களோ, சிறை மறியலுக்குப் போகவேண்டி வருமோ என்று. சின்னராசாவின் பேச்சைக் கேட்டதும் அந்தக் கல் மெல்ல இளகியது. ஐயோ பாவம் என்று நினைத்த மனம், அதே மூச்சில், நான் தப்பினேன் என்றும் நினைத்தது. மனிதரின் மனம் அப்படித்தான், பிள்ளைகளே. அவனைக் கோபிக்காதீர்கள்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறமுன், பாதையில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. முல்லைத்தீவிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு காட்டுக் கிராமங்களுக்குப் போகிற மீராசாகிபு. பரமலிங்கத்துக்கு நன்றாகத் தெரிந்த மனிதர்; எல்லாருக்கும் அவர் 'நானா', அண்ணன் முறை. நேரமிருந்தால் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார். கொட்டிலடியில் சனத்தைக் கண்டு இறங்கி வந்து, நடந்ததைக் கேட்டு, தோள் சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அல்லாவே! அப்புத்துரையர் வீட்டம்மாவா? போன மாசமும் என்னட்டைக் கருவாடு வாங்கினவா. என்ரை தராசைப் பிடிச்சு ஆட்டிப்போட்டு, 'நானா, உம்மட தராசுக்கும் வாதம் பிடிச்சிட்டுதோ' எண்டு கேட்டவா." சிரிக்கப் போய்ச் சிரிப்பு வராமல் நின்றார். பிறகு கேட்டார். "எந்த இடத்திலை தம்பி விழுந்தவா?"

பரமலிங்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். மீராசாகிபு மண் கும்பியைப் பார்த்தார், குழிவாயைப் பார்த்தார். திரும்பவும் மண் கும்பியைப் பார்த்தார்.

"இஞ்சையோ? இது பிள்ளையாரடியெல்லோ?"

"பிள்ளையாரோ? இஞ்சை ஒரு பிள்ளையாரும் இல்லை நானா."

"என்ன தம்பி சொல்லுறீர்? போன கிழமை இதாலை வரேக்கை என்ரை வண்டிக்காரன் குதிச்சு இறங்கி ஒரு குழை முறிச்சுப் போட்டுக் கும்பிட்டிட்டெல்லோ வந்தவன். 'புதுசா ஒரு பிள்ளையார் வந்திருக்கிறார் முதலாளி' எண்டு எனக்கும் சொன்னவன்."

பரமலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்து மீராசாகிபுவே விளக்கினார்.

"நீர் யாழ்ப்பாணத்தார், உமக்குத் தெரியாது போல. இந்தக் காட்டிலை நடக்கிற சைவக்காரர் வழியிலை ஒரு மரத்தடியிலை குழை கிடந்தால், அது பிள்ளையார் எண்டுதான் எடுப்பினம். சிலை வேணுமெண்டில்லை. தாங்களும் ஒரு குழை முறிச்சுக் கொண்டுபோய்ப் போட்டு, யானை கரடி அண்டாமல் வழிக்குத் துணையா வா அப்பா எண்டு கும்பிட்டிட்டுத்தான் மற்ற அடி வைப்பினம். போடாமல் போனால் அண்டைக்கு முழுக்க மனம் சரிவராது அவையளுக்கு. உம்மட குழையை முதலிலை ஆர் போட்டது?"

பரமலிங்கம் கும்பியின் உச்சியில் தான் குத்திய பாலைக் கொப்பைப் பார்த்தான்.

முள்ளியவளைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு மண் கும்பி முன்னால் இருந்தது. அவர்கள் குழையைப் போட்டுவிட்டுப் பத்திரமாகப் போய்விட்டார்கள். அன்னபாக்கியம் வந்தது மற்றப் பக்கத்தால். அவளுக்கும் அந்தக் குழைகளுக்கும் நடுவில் கிடந்தது குழி. சருகு மூடிய குழி.

அவன் கயிற்றை எடுத்துக்கொண்டு மறுபடி குழிக்குள் இறங்கினான். நேற்று அப்பால் போட்ட குழை கல்லோரத்தில் வாடிக் கிடந்தது. எடுத்துப் பார்த்தான். வீரைக் குழை. குழிக்கு மேலே அடுக்கியிருந்த தடி ஒன்றிலும் வீரை இல்லை. பக்கத்தில் நிற்பதெல்லாம் பாலை. மேலே ஏறி, குளத்தடிப் பக்கமாகப் பாதையில் நடந்தான். நூறு யார், அதாவது முந்நூறு அடி, தள்ளி, ஒரு வீரை மரம். கைக்கெட்டுகிற உயரத்தில் ஒரு கொப்பு முறிந்து, முறிந்த இடம் இன்னும் ஈரம் காயாமல் வெளுத்திருந்தது.

தூரத்திலேயே குழைகளைக் கண்டிருக்கிறாள். அங்கேயே தன் குழையை முறித்திருக்கிறாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நூறு யார் நடந்து வந்திருக்கிறாள். வீட்டுக்குப் போகிற வழிக்குத் துணை கேட்க.

பரமலிங்கம் அந்த வீரையடியில் குந்திவிட்டான்.

இராசமலர் அவனைத் தேடிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடிய, முதலில் அவள் சொன்னது இதுதான்.

"ஆருக்கும் சொல்லாதேங்கோ."

"மலர்."

"உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அந்த மனிசி போயிட்டா. நீங்கள் சொன்னால் எழும்பி வரப்போறாவே? எங்கட ரெண்டு பிள்ளையளையும் யோசிச்சுப் பாருங்கோ. உங்களை மறியலிலை போட்டால் நான் இந்தக் காட்டுக்குள்ளை என்ன செய்யிறது? அவையளே தங்கட வாயாலை, தானா விழுந்தவா எண்டு சொல்லுகினம். நாங்கள் ஏன் இல்லை எண்டு சொல்லவேணும்?"

"அதுதான் மலர். அவையள் அப்பிடிச் சொல்லுகினம். நாங்கள் கேட்டுக்கொண்டு நிக்கிறம்."

"நான் கதியால் நடுங்கோ எண்டு சொன்னனான்." அவள் குரல் உடைந்தது. "எத்தினை தரம் சொன்னனான்."

"ஓம். சொன்னனீர்."

நீர் என்று மரியாதை வைத்து அவன் அவளை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அதைக் கேட்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது, இந்த மனிதன் முடிவெடுத்துவிட்டான் என்று. அதற்குப் பிறகு அவள் தடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. வீட்டுக்குள் போய், பெட்டிக்குள் இருந்த தோய்த்த சட்டையை எடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். "மண்ணோட நிக்காதேங்கோ. உத்தியோகத்தர் வருகினம்," என்றாள்.

கொறனர் ஐயா பத்து மணிக்குப் பொலிஸ் ஜீப்பில் வந்தார். கூடவே ஒரு சார்ஜனும் இரண்டு பொலிஸ்காரரும். கொட்டிலுக்கு வெளியே ஒரு கதிரையும் மேசையும் போட்டுக் கொடுத்தார்கள். அவர் நல்ல மனிதர். ஆனால் அன்று இன்னும் இரண்டு இடத்துக்குப் போகவேண்டியிருந்தது. சின்னராசாவிடம் கேட்டார், விதானையாரிடம் கேட்டார். எழுதினார். அப்புத்துரையிடம், "உங்களுக்கும் மனைவிக்கும் சச்சரவு நடந்ததா?" என்று கேட்டார். அவர் "ஓம் ஐயா" என்றார். அதையும் எழுதினார். கடைசியாகப் பரமலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"காணிக்காரர் நீர்தானே?"

"ஓம் ஐயா."

"அபாயம் என்று தெரிய அடையாளம் வைத்திருந்தீரா?"

"குழை குத்தி வைச்சனான்."

"நல்லது. அதைக் கண்டும் அந்தப் பெண் பாதையை விட்டு வந்திருக்கிறாள்." எழுதப் பேனாவைத் தொட்டார்.

"இல்லை ஐயா," என்றான் பரமலிங்கம். "குழையைக் கண்டபடியால்தான் வந்தவா."

பேனா நின்றது. பரமலிங்கம் மடியிலிருந்து வீரைக் குழையை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது அவவின்ர கையிலை இருந்தது. விரலை விரிச்சு எடுத்தவன் நான். நூறு யாருக்கு அங்காலை நிக்கிற வீரையிலை முறிச்சிருக்கிறா. நீங்கள் போய்ப் பாக்கலாம், காயம் இன்னும் காயேல்லை. நான் கரவெட்டி ஆள் ஐயா. எங்கட பக்கம் குழை எண்டால் கிட்ட வராதை எண்டு அர்த்தம். இவையின்ர காட்டிலை குழை எண்டால் பிள்ளையார் இருக்கிறார், வா எண்டு அர்த்தமாம். எனக்கு இண்டைக்கு விடியத்தான் தெரியும். நான் போகாதை எண்டு எழுதினன், அவா வா எண்டு வாசிச்சிட்டா."

கொறனர் ஐயா குழையைப் புரட்டிப் பார்த்தார்.

"அவா சாக வரேல்லை ஐயா. சாகப் போறவள் வழிக்குத் துணை கேக்கமாட்டாள். அவா வீட்டை போக வந்தவா."

கொறனர் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"இந்தப் பாதையால் சனம் நடக்கிறது உமக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"குழியைச் சுற்றி வேலி ஏன் போடவில்லை?"

"கதியால் வெட்டினனான். மிளகாய்க்கு நட்டிட்டன்."

அதைச் சொல்லும்போது அவனையறியாமல் திரும்பி வேலியைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். கதியால் எல்லாம் தளிர் விட்டு, பச்சைப் பசேலென்று, ஒரு கன்று நுழைய இடமில்லாமல் நெருக்கி நட்ட வேலி. அதற்குள்ளே மிளகாய் பூத்துக் கிடந்தது.

அப்புத்துரை எழும்பினார். நேற்று மத்தியானத்திலிருந்து இருந்த இடத்தைவிட்டு அப்போதுதான் எழும்பினார். மேசையடிக்கு வந்து அந்தக் குழையை எடுத்தார். காய்ந்த இலையைப் பெருவிரலால் தடவினார்.

"வீரை," என்றார். "பாலை பக்கத்திலை நிண்டாலும் முறிக்கமாட்டாள். பால் வடிஞ்சு சேலையிலை கறை பிடிக்கும் எண்டுவாள்." பிறகு மனைவி கிடந்த பக்கம் திரும்பி, யாரோ தூரத்தில் நிற்பவளைக் கூப்பிடுவது போல, "அன்னம், நீ வீட்டையே வந்தனீ? என்னட்டையே வந்தனீ?" என்று கேட்டார். அதோடு அந்த மனிதருக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை நிறுத்த நாலு பேர் பிடித்தும் ஏலவில்லை.

அழுது ஓய்ந்து, பரமலிங்கத்தின் தோய்த்த சட்டையைக் கழுத்தடியில் பிடித்தார்.

"ஒரு கதியால்! ஒரு கதியால் நட உனக்குக் கை வரேல்லையேடா? மிளகாய்க்கு நட்டனியே!"

"ஓம் அண்ணை," என்றான் பரமலிங்கம். பிடியை விடுவிக்கப் பார்க்கவில்லை. சார்ஜன்தான் வந்து கையை எடுத்துவிட்டார்.

கொறனர் ஐயா எழுதினார். தற்செயலாக நேர்ந்த மரணம், காணிக்காரரின் கவனயீனம் அதற்குக் காரணம், இவரை நீதவான் முன் கொண்டுபோகவேண்டும். வாசித்துக் காட்டினார். பரமலிங்கம் கையெழுத்து வைத்தான்.

 சின்னராசா தொண்டையைச் செருமிக்கொண்டு, "முள்ளியவளைக்கு ஆள் விடுங்கோ. முத்தம் கூட்டித் தண்ணி தெளிக்கச் சொல்லுங்கோ. ஐயருக்கும் சொல்லுங்கோ. பறைக்கும் சொல்லி விடுங்கோ," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. கொட்டில் கப்புத் தூணைப் பார்த்துத்தான் சொன்னார்.

வண்டி தேடினார்கள். மீராசாகிபு உப்பு மூட்டைகளையும் கருவாட்டுச் சாக்குகளையும் ஒவ்வொன்றாக இறக்கிப் பரமலிங்கத்தின் தாழ்வாரத்தில் அடுக்கினார். வண்டித் தட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வைக்கோல் பரப்பினார். "மணம் கொஞ்சம் இருக்கும், அவா கோபிக்கமாட்டா," என்றார். அன்னபாக்கியத்தை அதில் ஏற்றினார்கள். அப்புத்துரை வண்டிக்குப் பின்னால் நடந்தார்.

பரமலிங்கத்தை ஜீப்பில் ஏற்றினார்கள். பிள்ளைகள் இரண்டும் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. இராசமலர் இப்போதும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் காலைப் பார்த்தாள். செருப்பில்லாமல் ஏறியிருந்தான். ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, குனிந்து, அவன் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

முள்ளியவளைக்குப் போகிற பாதை ஒடுங்கியது. இரண்டு பக்கமும் காடு. முன்னால் வண்டி, அதன் பின்னால் சனம். ஜீப் முந்த வழியில்லை. ஓட்டிய பொலிஸ்காரர் கோர்ன் அடிக்கக் கையைக் கொண்டுபோனார்.

"அடியாதேங்கோ ஐயா," என்றான் பரமலிங்கம். "மெல்லப் போவம்."

சார்ஜன் திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு ஓட்டியவரின் கையில் தட்டினார். ஜீப் மாட்டின் நடைக்கு நடந்தது. மூன்று மைல். வண்டிச் சில்லின் சத்தத்தையும், இடைக்கிடை அப்புத்துரை மாட்டுக்கு "பையப் பைய" என்று சொல்வதையும் தவிர வேறு சத்தமில்லை. அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர்களில் அவனும் ஒருவன் ஆனான். அவன் கேட்டு ஆனதல்ல, அவர்கள் கூப்பிட்டு ஆனதுமல்ல.

வாசல் படலையடிக்கு வண்டி வந்ததும் பறை கேட்டது. கூட்டித் தண்ணீர் தெளித்த முற்றம். பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். தலை அவிழ்ந்தபடி ஒரு பெண்பிள்ளை உள்ளேயிருந்து ஓடிவந்தாள். விமலேஸ்வரி. "அம்மா வந்திட்டா, அம்மா வந்திட்டா" என்று கத்திக்கொண்டு வண்டித் தட்டைப் பிடித்தாள். வண்டி முற்றத்துக்குள் திரும்பியது. ஜீப்புக்குப் பாதை விட்டது. ஜீப் முல்லைத்தீவுக்குப் போனது.

நீதவான் மூன்று மாத மறியல் என்று தீர்ப்புச் சொன்னார். பரமலிங்கம் இருந்துவிட்டு வந்தான். காணி பறிபோகவில்லை. அந்த மூன்று மாதமும் இராசமலர் தனியே மிளகாய் பிடுங்கிக் காயவைத்தாள். அவன் வந்த பிறகும் அந்த வீட்டில் சிரிப்புத் திரும்ப நெடுநாள் சென்றது. அப்புத்துரையர் அவனோடு ஒரு நாளும் கதைத்ததில்லை. சந்தையில் கண்டால் மற்றப் பக்கம் பார்ப்பார். பரமலிங்கமும் கிட்டப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அந்த மனிதருக்குப் பதில் சொல்லவேண்டிய பாரம் வருமே என்று நினைத்தானோ என்னவோ. அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

அவ்வளவுதான் கதை. கண்ணைத் துடையுங்கள், குஞ்சுகளே. நேரமாகிறது, எழும்பி வீட்டுக்குப் போங்கள். உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்களை நோகச் சொன்ன சொல் பொழுது படுமுன் ஆறிவிடட்டும். உங்கள் படலையால் காலையில் போனவர்கள் எல்லாரும், ஒருவர் குறையாமல், தங்கள் காலால் நடந்து, சிரித்த முகத்தோடு திரும்பி வரட்டும்.